இழுத்துப் பிடி

மசாஜ் நாற்காலி வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அந்தப் பக்கம் சாய்ங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ, சுவர், சுவர்!" என்று ராஜகுமாரி உள்ளேயிருந்து கத்தினாள்.

"சாய்ச்சா என் மேல விழும்," என்றார் அவள் கணவர் திருவேங்கடம். நாற்காலிக்கும் கதவு நிலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, பாதி உடம்பு வீட்டிலும் பாதி உடம்பு வராந்தாவிலுமாக நின்றிருந்தார்.

வெளியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த எதிர் ஃப்ளாட் சபீனா கையை உதறினாள். "அக்கா, இது வராது. உள்ளே மட்டும் எப்படி வந்துச்சு?"

"தனித்தனியாக் கொண்டாந்து உள்ளே வெச்சு மாட்டினாங்க. கழட்டணும்னா கம்பெனி ஆள்தான் வரணும். ஞாயித்துக்கிழமை எவன் வருவான்?"

மற்ற சாமான்கள் தகராறு செய்யாமல் போய்விட்டன. சுவரை அடைத்துக்கொண்டிருந்த டிவி, மூன்று பேர் படுக்கக்கூடிய சோபா, இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ், எண்ணெயில்லாமல் பொரிக்கும் பெட்டி, தானாகவே வீடு பெருக்கும் வட்டத் தட்டு என்று எல்லாம் சபீனா வீட்டுக்குக் குடிபோய்விட்டன. சபீனா தன் சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் இப்போது சோபா மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். கள்ளிக்குப்பத்தில் வீட்டைக் காலி செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. வீட்டில் இருந்துகொண்டே சாமானை மட்டும் காலி செய்தது ராஜகுமாரி ஒருத்திதான்.

இத்தனை கூத்துக்கும் காரணம் ஒரு வாட்ஸ்அப் குரூப். அதன் பெயர் 'இழுத்துப் பிடி'.

சில வருஷங்களுக்கு முன்னால் திருவேங்கடம் வேலை பார்த்த கம்பெனி ஒரு நாள் கதவைச் சாத்தியது. சம்பளம் நின்றது, பசி மட்டும் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் ராஜகுமாரி ஃபேஸ்புக்கில் ஒரு சமையல் வீடியோ பார்த்தாள். 'குறைந்த செலவில் குடும்பச் சமையல்' என்று தலைப்புப் போட்டிருந்த அம்மாள், எடுத்த எடுப்பிலேயே "கால் கிலோ முந்திரி எடுத்துக்கோங்க" என்றாள். ராஜகுமாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யார் வீட்டுல போய் எடுக்கறது?" என்று கீழே எழுதினாள். அதற்குக் கீழே வெள்ளானூரிலிருந்து கனிமொழி, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வசந்தகுமாரி, நெமிலிச்சேரியிலிருந்து சரசா என்று ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்துகொண்டார்கள். வீடியோவைத் திட்ட வந்தவர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ராஜகுமாரி அத்தனை பேரையும் ஒரு குரூப்பில் போட்டாள்.

குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது தாங்க முடியாமல் போனால் 'மூச்சு முட்டுது' என்று மட்டும் போட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. கை ஒழிந்தவர் யாரோ அவர் உடனே கூப்பிட்டுப் பேச வேண்டும்.

கனிமொழியின் புருஷன் கிஷோருக்கு வேலை போன புதிதில் அவள் அப்படிப் போட்டாள். ராஜகுமாரி ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைப்பது எப்படி என்று விடாமல் பேசினாள். புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, தேங்காய் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கனிமொழி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, அழுதுகினே இருந்தேன். இப்போ பசிக்குது" என்றாள். அன்றைக்கு ராஜகுமாரி பட்ட சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை. இதைத் திருவேங்கடமே ஒப்புக்கொள்வார்.

பிறகு திருவேங்கடத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. பழையதைவிட நல்ல வேலை. மனுஷன் அத்தனை நாளாக வாங்காமல் விட்ட எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கித் தீர்த்தார். 'ஆஃபர்' என்ற வார்த்தையைப் பார்த்தால் அவர் விரல் தானாகப் போய் அமுக்கிவிடும்.

'நாங்கள் நன்றாக ஆகிவிட்டோம்' என்று ராஜகுமாரி குரூப்பில் எழுதத்தான் செய்தாள். அனுப்புவதற்குள் சரசா 'மூச்சு முட்டுது' என்று போட்டிருந்தாள். எழுதியதை அழித்துவிட்டு அவளைக் கூப்பிட்டாள். அடுத்த முறை எழுதியபோது வசந்தகுமாரி பையனுக்கு ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று அழுதாள். மறுபடி அழித்தாள். அப்புறம் எழுதவேயில்லை. காலையில் எழுந்ததும் 'இன்றைய சிக்கனம்' என்று ஒரு யோசனை போடுவாள். சமைத்ததைப் படம் எடுக்க, பால்கனியில் பெயிண்ட் உரிந்த ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருந்தாள். தர்பூசணித் தோல் கூட்டு செய்து அங்கே வைத்துப் படம் எடுப்பாள். எடுத்ததும் திருவேங்கடம் அதை வாங்கிக்கொண்டு போய் மசாஜ் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

"சொல்லிடேன்டி. நாம நல்லா இருந்தா அவங்களுக்கென்ன வயித்தெரிச்சலா?" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

"வயித்தெரிச்சல் இல்லீங்க. மசாஜ் நாற்காலியில உக்காந்துக்கிட்டுத் தோலைத் துவையலாக்குன்னு சொன்னவளான்னு நெனைப்பாங்க. இத்தனை நாளும் பொய்யான்னு கேப்பாங்க. அப்புறம் யாரும் எங்கிட்ட அழ மாட்டாங்க," என்றாள் ராஜகுமாரி.

அப்படி ஒப்பேற்றிக்கொண்டு வந்தவளுக்குத்தான் போன வாரம் கனிமொழியிடமிருந்து செய்தி வந்தது: 'அக்கா, ஞாயித்துக்கெயமை நாங்க மூணு பேர் உங்க ஊட்டுக்கு வர்றோம். ஒண்ணும் செய்யாதீங்க. உங்கள ஒரு தபா கண்ணால பாக்கணும், அவ்ளோதான்.' வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று போன தடவைகளில் சொன்ன சாக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

நாற்காலியைத் திரும்பவும் ஹாலுக்குள் தள்ளினார்கள். பழக்க தோஷத்தில் திருவேங்கடம் பிளக்கையும் மாட்டிவிட்டார். ராஜகுமாரி அதன் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு எட்ட நின்று பார்த்தாள்.

"யாரோ உக்காந்த மேனிக்கே செத்துப்போன மாதிரி இருக்குக்கா," என்றாள் சபீனா.

"ஆள் மாதிரி இருக்கில்ல?" ராஜகுமாரிக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. "என்னங்க, நீங்க இதுல படுத்துக்குங்க. கழுத்து வரைக்கும் போர்த்தி விட்டுடறேன். உங்களுக்கு ஜுரம்."

"எனக்கு ஜுரம் இல்லையே."

"பதினோரு மணிக்கு வரும்."

திருவேங்கடம் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடக்கச் சொல்லும் மனைவி யாருக்குக் கிடைப்பாள்? ரிமோட் வெளியே தெரியக் கூடாது என்று அதை முதுகுக்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தார்.

விருந்தாளிகள் வந்தபோது மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. "பஸ் ஸ்டாப்புல எறங்கி நடந்தே வந்துட்டோம்," என்றாள் கனிமொழி. அத்தனை நாள் குரலாகவே தெரிந்தவளை நேரில் பார்த்ததும் ராஜகுமாரி இரண்டு கையையும் நீட்டினாள். கட்டிக்கொண்டாள். நாலு பேரும் வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் அழுது, அழுததற்காகச் சிரித்து, சிரித்ததற்காக மறுபடி அழுதார்கள்.

உள்ளே வந்ததும் மூன்று பேரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

எளிமையான வீடாகத் தெரிய வேண்டும் என்றுதான் ராஜகுமாரி நினைத்தாள். ஆனால் வேலை தேவைக்கு மேல் சுத்தமாக நடந்துவிட்டது. சுவரில் டிவி மாட்டிய இரும்புச் சட்டம் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. சோபா இருந்த இடத்திலும் ஃபிரிட்ஜ் இருந்த இடத்திலும் தரை மட்டும் பளிச்சென்று கட்டம் கட்டமாகத் தெரிந்தது. உட்கார ஒரு பாயைத் தவிர அந்த ஹாலில் வேறு ஒன்றும் இல்லை.

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான் போல," என்று வசந்தகுமாரி சரசாவின் காதில் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "தவணை கட்டலைன்னா இப்படித்தான் செய்வான், பாவிப் பய."

"இல்ல இல்ல, யாரும் தூக்கல," என்று பதறினாள் ராஜகுமாரி. "எங்க வீட்டுல எப்பவுமே ஒண்ணும் கிடையாது."

"எங்ககிட்டயே மறைக்கிறீங்களா?" என்று சரசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கனிமொழி நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "அண்ணாத்தைக்கு இன்னாக்கா?"

"லேசா ஜுரம். தூங்கறார். நாம அந்தப் பக்கம் உக்காந்து பேசலாம்."

திருவேங்கடம் ஜுரக்காரர் மாதிரி முனகிவிட்டு, இன்னும் வசதியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் கீழே சரிந்து படுத்தார். முதுகுக்கடியில் ஏதோ 'கிளிக்' என்றது.

"வெல்கம். ஃபுல் பாடி மோட் ஸ்டார்ட்டட்," என்று தேன் ஒழுகும் பெண் குரல் ஒன்று பெட்ஷீட்டுக்குள்ளிருந்து சொன்னது.

சரசா எழுந்து நின்றுவிட்டாள். "யாரு பேசினது?"

"அவர்தான். ஜுரத்துல உளறுறார்," என்றாள் ராஜகுமாரி.

"பொம்பளைக் குரல்லயா?"

"முத்தின ஜுரம்."

அதற்குள் திருவேங்கடத்தின் உடம்பு முழுக்க உதற ஆரம்பித்தது. முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தோள். ரிமோட்டை எடுக்கலாமென்றால், நாற்காலி அவருடைய இரண்டு கைகளையும் காற்றுப் பையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "ராரா... ராராஜி... கையைப் பிபிடிச்சுக்கிச்சு..." என்று பல் தந்தியடிக்க அவர் சொன்னதைக் கேட்டவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"குளிர் ஜுரம்!" என்றாள் வசந்தகுமாரி. குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருப்பதால் தனக்குப் பாதி வைத்தியம் தெரியும் என்பது அவள் எண்ணம். "காலை அமுக்கிப் பிடிங்க! நாக்கைக் கடிச்சிக்கப் போறாரு!"

"ஜுரமா இது? பொம்பளை எறங்கியிருக்கா. இங்கிலீஷ்ல வேற பேசறா," என்று சரசா கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் அப்பினாள். திருவேங்கடம் தும்மினார். நாற்காலி இடுப்பைக் குத்தியது. "ஹா" என்றார். அது வலியா சுகமா என்று அவருக்கே தெரியவில்லை.

ராஜகுமாரிக்குப் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் தேவலை என்று தோன்றியது. பிளக் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அந்த இடத்தில் சரசா காலை ஊன்றி நின்றுகொண்டு கந்தனையும் அம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் களேபரத்தில் வசந்தகுமாரி ஃபோனை எடுத்துவிட்டாள். 'மூச்சு முட்டுது. நம்ம அட்மின் வீட்ல. வீடு காலி. அண்ணனுக்கு வலிப்பு' என்று போட்டாள். கூடவே விலாசத்தையும் போட்டாள்.

குரூப் அதிர்ந்துபோனது. இத்தனை வருஷமும் மற்றவர்களுக்குத்தான் மூச்சு முட்டியிருக்கிறது. ராஜகுமாரிக்கு ஒரு நாளும் முட்டியதில்லை. நாலு பேருடைய ஃபோன்களும் விடாமல் டிங் டிங் என்று அடித்தன. கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணியும் சேர்ந்துகொண்டது.

வாசலில் டெலிவரி ஆள் ஒருவர் அரிசி மூட்டையோடு நின்றிருந்தார். "ராஜகுமாரி மேடமா? பேமெண்ட் ஆயிடுச்சு."

அவர் படி இறங்குவதற்குள் இன்னொருவர் எண்ணெய் டின்னோடு ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் பருப்பு வந்தது, குளுக்கோஸ் வந்தது, போர்வை வந்தது. கடைசியாக வந்த பையைப் பிரித்தால் பாதாமும் அத்திப்பழமும் இருந்தன. அனுப்பியது, போன வாரம் துவரம்பருப்புக்குப் பதில் என்ன போடலாம் என்று கேட்டவள். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாளே என்று ராஜகுமாரி பையை மறுபடி கட்டி வைத்தாள். ஒவ்வொரு மூட்டையும் தன் தலையில் இறங்குவது போலிருந்தது.

"போதும், யாரும் ஒண்ணும் அனுப்ப வேணாம்னு சொல்லுங்க," என்று கெஞ்சினாள்.

"சும்மா இருங்க. மொதல்ல அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். வண்டி வேணும்," என்றாள் வசந்தகுமாரி.

"கிஷோருக்கு ஃபோன் போடேன்," என்று சரசா கனிமொழியைப் பார்த்துச் சொன்னாள். உடனே வசந்தகுமாரி அவளை முழங்கையால் ஒரு இடி இடித்தாள். சரசா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கனிமொழி மட்டும் ஃபோனோடு பால்கனிக்குப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். பாவம், வேலையில்லாத பிள்ளை, அவன் எங்கே போய் வண்டி பிடிப்பான் என்று ராஜகுமாரி நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்த கனிமொழி நேராக ராஜகுமாரியிடம் வந்து நின்றாள். காதிலிருந்த தங்கக் கம்மலைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"ஆஸ்பத்திரில அட்வான்ஸ் கேப்பான், வெச்சிக்கோங்க. திருப்பிலாம் தர வேணாம். அன்னிக்கு நீங்க பேசாம இருந்திருந்தா நான் இன்னா ஆயிருப்பேன்னு எனக்குத்தான் தெரியும்."

ராஜகுமாரி உள்ளங்கையைத் திறந்து பார்த்தாள். சின்னஞ்சிறு கம்மல். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. விடுவிடுவென்று நாற்காலிப் பக்கம் போய், சரசாவை ஒதுக்கித் தள்ளிவிட்டு, பெட்ஷீட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே திருவேங்கடம் கறுப்பு லெதரில், நெற்றி நிறையத் திருநீறும் கை நிறையக் காற்றுப் பையுமாக, சின்னச் சின்ன விளக்குகள் மினுங்க, தாலாட்டப்பட்டுக்கொண்டிருந்தார்.

"இவருக்கு ஜுரமும் இல்ல, வலிப்பும் இல்ல. இது மசாஜ் நாற்காலி," என்றாள் ராஜகுமாரி. "எங்க டிவியை எவனும் தூக்கிட்டுப் போகல. நான்தான் தூக்கினேன். டிவி, சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் எதிர் வீட்டுல இருக்கு. இவருக்கு வேலை கிடைச்சு எவ்வளவோ நாளாச்சு. நாங்க நல்லா இருக்கோம். ரொம்ப நல்லா இருக்கோம். உங்ககிட்ட மறைச்சேன்."

நாற்காலி 'கடமுட' என்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் மறைச்சேன்னு கேளுங்க. நல்லா ஆயிட்டேன்னு சொன்னா நீங்க யாரும் எங்கிட்டப் பேச மாட்டீங்களோன்னு பயம். காலையில எழுந்தா எனக்கு உங்க மொகம்தான். மொகம்கூட இல்ல, அந்த டிங் சத்தம்தான். நீங்க கஷ்டப்படும்போது நான் மட்டும் கரையேறி நின்னு எப்படிக் கையாட்டறது?" அவள் கனிமொழியிடம் கையை நீட்டினாள். "இந்தா கம்மல், போட்டுக்கோ. என்னைக் குரூப்பை விட்டுத் தூக்கிடுங்க. ஆனா யாருக்காவது மூச்சு முட்டினா மட்டும் எனக்கு ஒரு ஃபோன் போடுங்க."

சரசா தரையில் ஃபிரிட்ஜ் இருந்த கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தகுமாரி உதட்டைக் கடித்துக்கொண்டு கனிமொழியைப் பார்த்தாள். கனிமொழி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ராஜகுமாரியும் அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கையில் சாவிக்கொத்துமாக ஒரு இளைஞன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். கனிமொழி, "யோவ் கிஷோரு, வாயத் தொறக்காத!" என்று கத்துவதற்குள் அவன் திறந்துவிட்டான்.

"இனிமே மறைக்க முடியாதுக்கா, மன்னிச்சிக்கோங்க! நாங்க அல்லாரும் நல்லா ஆயி ரொம்ப நாளாச்சி, நீங்க மட்டும் இன்னும் கரையேறலியே, தனியா உட்டுட்டுப் போனா மனசு ஒடைஞ்சி பூடுவீங்கன்னுதான் கஷ்டம் கஷ்டம்னு குரூப்புல கத உட்டுகினு கீறாங்க. இன்னிக்குக் கூட உங்க கண்ணுல படக்கூடாதுன்னு என் புதுக் காரை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு வெயில்ல நடந்து வந்தாங்க, இப்போ வாசல்லயே கொண்டாந்து ஏசி போட்டு வெச்சிகீறேன், அண்ணாத்தையைத் தூக்குங்க!"